ஸ்பைக் திருந்தியது யார் செலவில்?

'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' தொடர் முடிந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1997 மார்ச்சில் ஆரம்பித்து 2003 மே மாதம் முடிந்தது. ஏழு சீசன், 144 எபிசோடு. ஆனால் இன்றைக்கும் அதன் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்து இருக்கிற இடத்தில் போய், "ஸ்பைக் உண்மையிலேயே திருந்தினானா?" என்று கேட்டுப் பாருங்கள். நேற்று ராத்திரி ஒளிபரப்பான மாதிரி சண்டை போடுவார்கள்.

தொடரை முழுசாக மூன்று தடவை பார்த்தவன் என்கிற தகுதியில் அந்தச் சண்டையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. என் கணிப்பு இது: அவர்கள் ஒரே கேள்விக்காகச் சண்டை போடுவதில்லை. மூன்று வேறு வேறு கேள்விகளை ஒன்றாகக் கட்டி வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றாக அவிழ்ப்போம்.

முதலில் பார்க்காதவர்களுக்காக ஒரு சுருக்கம். (இனிமேல்தான் பார்க்கப் போறீங்கன்னா இங்கேயே நிறுத்திக்கோங்க. கதை மொத்தமும் கீழே இருக்கு.)

கலிஃபோர்னியாவில் சன்னிடேல் என்று ஒரு கற்பனை ஊர். அங்குள்ள பள்ளிக்கூடத்துக்கு அடியில் நரகத்தின் வாசல். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண்ணுக்கு ரத்தக் காட்டேரிகளைக் கொல்லும் பலம் வரும். அவள்தான் ஸ்லேயர். இந்தத் தலைமுறையில் அந்தப் பொறுப்பு பஃபி சம்மர்ஸ் என்ற பள்ளி மாணவியின் தலையில் விழுகிறது. ஸ்பைக், இரண்டாவது சீசனில் அந்த ஊருக்கு வந்து சேரும் வாம்பயர். வெளுத்த தலைமுடி, நீளமான கறுப்புத் தோல் கோட்டு, ஏற்கெனவே இரண்டு ஸ்லேயர்களைக் கொன்றவன். நடித்தவர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ். முதலில் போட்ட திட்டப்படி அவன் சில எபிசோடுகளிலேயே செத்துப்போக வேண்டியவன். பார்வையாளர்களுக்குப் பிடித்துப்போனதால் பிழைத்தான். அப்படிப்பட்டவன் கடைசி எபிசோடில் உலகத்தைக் காப்பாற்றத் தன்னையே எரித்துக்கொள்கிறான்.

கொலைகாரனாக ஆரம்பித்துத் தியாகியாக முடிகிற இந்தப் பாதையைத்தான் ரசிகர்கள் 'கேரக்டர் ஆர்க்' என்கிறார்கள். ஒரு பாத்திரம் கதையின் ஆரம்பத்திலிருந்து முடிவுக்குள் எப்படி மாறுகிறது, அந்த மாற்றத்தை நாம் நம்புகிறோமா என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள்.

முதல் கேள்வி: விதி பெரிதா, கண்ணால் பார்த்தது பெரிதா?

இந்தத் தொடரின் உலகத்துக்கு ஒரு அடிப்படை விதி உண்டு. ஒருவன் வாம்பயர் ஆகிவிட்டால் அவன் ஆன்மா போய்விடும். காலியான உடம்பில் ஒரு பேய் குடியேறும். அதற்கு அந்த ஆளின் முகம் இருக்கும், நினைவுகள் இருக்கும், ஆனால் அது அந்த ஆள் இல்லை. இரண்டாவது சீசனில் 'லை டு மீ' எபிசோடில் பஃபியே தன் பழைய நண்பனிடம் இதை விளக்குகிறாள்.

கதையின் முழு எடையும் இந்த விதியின் மேல்தான் நிற்கிறது. பஃபி வாரா வாரம் வாம்பயர்களைக் குத்திக் கொல்கிறாள். உள்ளே மனுஷன் இல்லை என்பதால்தான் அது கொலை ஆகவில்லை. அவளுடைய காதலன் ஏஞ்சலும் ஒரு வாம்பயர்தான். ஒரு சாபத்தால் ஆன்மா திரும்பக் கிடைத்தவன். இரண்டாவது சீசனில் அந்த ஆன்மா போனதும் ஏஞ்சலஸ் என்ற பழைய கொடூரனாக மாறி ஜென்னி காலண்டர் என்ற ஆசிரியையைக் கொல்கிறான். ஆன்மா திரும்பிய பிறகு அவனை பஃபியால் மன்னிக்க முடிகிறது. ஏன்? அதைச் செய்தது 'அவன் இல்லை'.

இப்போ ஸ்பைக்கைக் கொண்டுவந்து இந்த விதிக்குள் வையுங்க. பொருந்தவே மாட்டான்.

ஆன்மா இல்லாதபோதே அவன் ட்ருசில்லா என்ற வாம்பயரை உயிருக்கு உயிராகக் காதலிக்கிறான். ஐந்தாவது சீசனில் பஃபியின் தங்கை டானைக் காட்டிக் கொடுக்க மாட்டேன் என்று குளோரி என்ற தேவதையிடம் சித்திரவதை படுகிறான். பஃபி இறந்த பிறகு எத்தனை நாள் ஆயிற்று என்று ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருக்கிறான். அவள் திரும்பி வரும்போது 147 என்று சரியாகச் சொல்கிறான். நாலாவது சீசனில் ராணுவம் அவன் தலைக்குள் ஒரு சிப் வைத்தது உண்மைதான். மனிதர்களை அடித்தால் அவனுக்கு வலிக்கும். ஆனால் அந்த சிப் அவனைச் சித்திரவதை தாங்கச் சொல்லவில்லை, நாட்களை எண்ணச் சொல்லவும் இல்லை.

ஆக ஒரு தரப்பு சொல்கிறது: "கண் எதிரே நடந்ததை நம்புங்கள், விதி பொய்." இன்னொரு தரப்பு: "விதியைத் தூக்கிப் போட்டால் பஃபி இத்தனை வருஷம் செய்தது என்ன? ஸ்பைக்கால் முடியும் என்றால், அவள் கொன்ற அத்தனை பேராலும் முடிந்திருக்கும்." இரண்டாவது வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பாத்திரம் பிடித்துப்போய்விட்டது என்பதற்காக அவனுக்கு மட்டும் சலுகை கொடுத்தால், கதாநாயகி கொலைகாரி ஆகிவிடுகிறாள்.

தொடரே இந்தச் சங்கடத்தை அறிந்துதான் இருந்தது. மூன்றாவது சீசனின் 'டாப்பல்கேங்லேண்ட்' எபிசோடில் வில்லோ தன்னுடைய வாம்பயர் வடிவத்தைப் பார்த்துப் பதறுகிறாள். வாம்பயருக்கும் பழைய ஆளுக்கும் சம்பந்தமே இல்லை என்று பஃபி சமாதானம் சொல்கிறாள். பக்கத்தில் நிற்கும் ஏஞ்சல் மறுத்துப் பேச வாயெடுத்து, சட்டென்று நிறுத்திக்கொள்கிறான். சிரிப்புக்காக வைத்த காட்சி. ஆனால் விதியில் ஓட்டை இருக்கிறது என்று தொடர் கொடுத்த வாக்குமூலமாக ரசிகர்கள் அதைத்தான் காட்டுவார்கள்.

எனக்குச் சரியாகப் படுவது மூன்றாவது ஒரு வாசிப்பு. ஆன்மா என்பது அன்பு செலுத்தும் சக்தி இல்லை. முன்பின் தெரியாதவர்களும் ஒரு பொருட்டு என்று உணரும் சக்தி. ஆறாவது சீசனின் 'டெட் திங்ஸ்' எபிசோடைப் பாருங்கள். காட்ரினா என்ற பெண்ணைத் தவறுதலாகத் தானே கொன்றுவிட்டதாக பஃபி நம்புகிறாள், போலீசுக்குப் போகக் கிளம்புகிறாள். ஸ்பைக் அவளைக் காப்பாற்றுவதற்காக உடலை ஆற்றில் போட்டுவிட்டு வருகிறான். இவ்வளவு பேரைக் காப்பாற்றியிருக்கிறாயே, ஒரு சாவு போனால் என்ன என்கிற மாதிரி கணக்குப் போடுகிறான். அவன் பஃபியை நேசிப்பது பொய் இல்லை. ஆனால் ஆற்றில் கிடக்கும் அந்தப் பெண்ணும் யாரோ ஒருத்திக்கு மகள் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. அவள் ஏன் அழுகிறாள் என்றுகூட அவனுக்குப் புரியவில்லை. இப்படி வாசித்தால் விதியும் நிற்கிறது, கண்ணால் பார்த்ததும் நிற்கிறது.

இரண்டாவது கேள்வி: மன்னிக்க முடியுமா?

2002 மே மாதம் ஒளிபரப்பான 'சீயிங் ரெட்' எபிசோடுதான் ரசிகர்களை இரண்டாகப் பிளந்தது. உறவு முடிந்துவிட்டது என்று பஃபி சொன்ன பிறகு, அவள் வீட்டுக் குளியலறையில் ஸ்பைக் அவளைப் பலாத்காரம் செய்ய முயல்கிறான். பின்னணி இசை இல்லாமல், வெள்ளை வெளிச்சத்தில் எடுத்த காட்சி. பார்க்கவே முடியாது. தன் நடிப்பு வாழ்க்கையிலேயே மிகக் கடினமான நாள் அதுதான் என்று மார்ஸ்டர்ஸ் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஸ்பைக் ஆப்பிரிக்காவுக்குப் போய், ஒரு குகையில் பல சோதனைகளைத் தாண்டி, ஆன்மாவைத் திரும்பப் பெறுகிறான்.

அவன் பக்கம் பேசுபவர்களின் வாதம் வலுவானது. ஏஞ்சலுக்கு ஆன்மா சாபமாகத் திணிக்கப்பட்டது. ஸ்பைக் தானே தேடிப் போனான். ஆன்மா இல்லாத ஒருவன், தனக்கு ஆன்மா வேண்டும் என்று நினைத்ததே பெரிய விஷயம். அதோடு, திரும்பி வந்த பிறகு பைத்தியம் பிடித்தவன் போல பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் கிடக்கிறான். எனக்கு மன்னிப்பு கொடு என்று உரிமையோடு நிற்பதில்லை.

எதிர்ப் பக்கம் இரண்டு விதமானவர்கள் இருக்கிறார்கள், இவர்களை ஒன்றாகச் சேர்ப்பதால்தான் குழப்பம். சிலர், "இதைச் செய்தவனுக்கு எந்த ஆர்க்கும் கிடையாது" என்கிறார்கள். வேறு சிலர் ஸ்பைக் மேல் கோபப்படவே இல்லை. அவர்கள் கோபம் எழுதியவர்கள் மேல்: "இந்தப் பாத்திரத்தை ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப உங்களுக்கு வேறு வழியே கிடைக்கலையா?"

இந்தக் கடைசிக் கோபம்தான் நம்மை மூன்றாவது கேள்விக்குக் கொண்டுபோகிறது. என்னைக் கேட்டால் உண்மையான கேள்வி அதுதான்.

மூன்றாவது கேள்வி: விலை கொடுத்தது யார்?

ஆறாவது சீசன் யாருடைய கதை என்று யோசியுங்கள். பஃபியை நண்பர்கள் மந்திரத்தால் உயிர்ப்பிக்கிறார்கள். நரகத்திலிருந்து மீட்டுவிட்டோம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அவளோ சொர்க்கத்தில் இருந்திருக்கிறாள். வாழ வேண்டும் என்ற ஆசையே இல்லாமல் நடமாடும் ஒரு பெண் எப்படி மெல்ல மெல்ல மீள்கிறாள் என்பதுதான் அந்த சீசனின் முதுகெலும்பு. அந்தக் குளியலறையில் அடிபட்டவள் அவள். ஆனால் அந்தச் சம்பவத்தால் பயணம் கிளம்புவது ஸ்பைக். அவளுக்கு நேர்ந்த கொடுமை அவனுடைய கதையில் ஒரு திருப்பமாக மாறிவிடுகிறது. ஏழாவது சீசனில் அவன் கை பட்டதும் அவள் பதறி விலகுவதைக் காட்டினார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சீசன் போகப் போக, அவள் வேலை அவனுக்காக மற்றவர்களிடம் வாதாடுவதாகவே ஆகிவிடுகிறது.

ராபின் வுட்டுக்கும் இதே கதிதான். அவர் ஏழாவது சீசனில் வரும் பள்ளி முதல்வர். 1977-இல் நியூயார்க் சப்வே ரயிலில் ஸ்பைக் கொன்ற ஸ்லேயர் நிக்கி வுட்டின் மகன். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். ஸ்பைக் இத்தனை வருஷமாகப் போட்டுக்கொண்டு திரிந்த தோல் கோட்டு அந்தத் தாயிடமிருந்து உருவியது. 'லைஸ் மை பேரண்ட்ஸ் டோல்ட் மீ' எபிசோடில் வுட் பழிவாங்க முயன்று தோற்கிறார். அந்த எபிசோடு முடியும்போது ஸ்பைக்குக்குத் தன் அம்மாவைப் பற்றிய காயம் ஆறிவிடுகிறது. வுட் அடிபட்டுக் கிடக்கிறார். பஃபி அவரிடம் பழிவாங்கலுக்கெல்லாம் இப்போது நேரமில்லை என்கிறாள். ஸ்பைக் அந்தக் கோட்டோடு நடந்து போகிறான்.

இந்தக் கோட்டுதான் ரசிகர்கள் வாதத்தில் திரும்பத் திரும்ப வரும் பொருள். சும்மா உடைதானே என்று தோன்றும். ஆனால் ஆன்மா வந்தவன், இறந்தவளின் மகன் எதிரே நிற்கும்போது, அதைக் கழற்றிக் கொடுத்திருந்தால்? ஒரு வசனம்கூடத் தேவைப்பட்டிருக்காது. திருந்தியவன் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது.

வில்லோவையும் அன்யாவையும் பக்கத்தில் வைத்தால்

இந்த மூன்றாவது கேள்வி ஸ்பைக்குக்கு மட்டும் உரியது அல்ல. அதே 'சீயிங் ரெட்' எபிசோடின் கடைசியில் வாரன் என்பவன் பஃபியைக் குறிவைத்துச் சுட, குறி தவறிய ஒரு தோட்டா டாராவைக் கொல்கிறது. டாரா, வில்லோவின் காதலி. அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரண்டு பெண்களின் காதலை இவ்வளவு நாள், இவ்வளவு அக்கறையோடு காட்டிய தொடர்கள் அரிது. டாராவாக நடித்த ஆம்பர் பென்சனின் பெயர் ஆரம்ப டைட்டிலில் முதல் தடவையாக வந்தது அந்த எபிசோடில்தான். அதே எபிசோடில் சாகடித்தார்கள். அதற்கப்புறம் வில்லோ துக்கத்தில் வெறிபிடித்து, வாரனை உயிரோடு தோலுரித்து, உலகத்தையே அழிக்கக் கிளம்புகிறாள்.

ஒரே எபிசோடு. பஃபியின் மேல் விழுந்த தாக்குதல் ஸ்பைக்கின் பயணத்துக்கு எரிபொருள். டாராவின் சாவு வில்லோவின் பயணத்துக்கு எரிபொருள். ஓரினக் காதலர்கள் கதைகளில் சந்தோஷமாக வாழவே கூடாதா என்று அன்றைக்கு எழுந்த கோபம், பின்னால் மற்றத் தொடர்களைப் பற்றிய பேச்சிலும் முன்னுதாரணமாக நின்றது.

வில்லோவின் ஆர்க்கில் இன்னொரு குறையும் உண்டு. டாரா சண்டையை மறக்கட்டும் என்று வில்லோ அவள் நினைவையே மந்திரத்தால் அழிக்கிறாள். அது அதிகாரத்தைப் பற்றிய கதை. காதலிக்கும் ஒருத்தியின் மனசுக்குள் அனுமதி இல்லாமல் கை வைப்பது. ஆனால் 'ரெக்ட்' எபிசோடில் மந்திரத்தைப் போதைப்பழக்கம் மாதிரி மாற்றிவிட்டார்கள். போதை என்றால் அது நோய். நோயாளி குணமானால் போதும். டாராவுக்குச் செய்த துரோகத்துக்குக் கணக்கு தீர்க்கும் வேலை அங்கே நழுவிப்போகிறது.

அன்யா விஷயம் வேறு மாதிரி. ஆயிரம் வருஷம் பழிவாங்கும் பேயாக இருந்து மனுஷியானவள். ஸாண்டர் மணமேடையில் கைவிட்டுப் போனதும் மறுபடி பேயாகிறாள். 2002-இல் வந்த 'செல்ஃப்லெஸ்' எபிசோடில் ஒரு பெண்ணின் சாபத்தை நிறைவேற்ற, கல்லூரி மாணவர்கள் பல பேரைக் கொன்றுவிடுகிறாள். செய்ததைப் பார்த்து நடுங்கிப்போய், அவர்களைத் திருப்பிக் கொடு, என் உயிரை எடுத்துக்கொள் என்று தன் தலைவன் டாஃப்ரினிடம் கேட்கிறாள். அவன் மாணவர்களை உயிர்ப்பிக்கிறான். ஆனால் விலையாக அன்யாவை எடுப்பதில்லை. அவளுடைய நெடுநாள் தோழி ஹால்ஃப்ரெக்கை எரித்துக் கொல்கிறான்.

தான் திருந்துவதற்கு வேறொருத்தி செத்தாள் என்று அன்யாவுக்குத் தெரியும். கதைக்கும் தெரியும். அந்த எபிசோடின் முடிவில் அவளுக்கு ஆறுதலும் இல்லை, பாராட்டும் இல்லை. தனியாக நடந்து போகிறாள். ஸ்பைக்குக்குக் கிடைத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் தொடரின் மிக நேர்மையான ஆர்க் எது என்று கேட்டால் நான் அவளைத்தான் சொல்வேன்.

ஏன் இப்படி ஆகிறது?

கொஞ்சம் நடைமுறையும் பேசணும். வருஷத்துக்கு 22 எபிசோடு எழுதும் தொடரில் ஏழு வருஷக் கதையை முன்கூட்டியே யாரும் திட்டமிட முடியாது. 2001-இல் தொடர் டபிள்யூபி சேனலிலிருந்து யூபிஎன் சேனலுக்கு மாறியது. ஐந்தாவது சீசனின் முடிவை, தொடரே அங்கே முடிந்தாலும் பொருந்தும்படி எழுதினார்கள். எழுத்தாளர்கள் பல பேர். ஸ்பைக் சாகாமல் பிழைத்ததே திட்டத்துக்கு வெளியே. இப்படி வளரும் கதையில், யாரை ரசிகர்கள் விரும்புகிறார்களோ அவர்களுக்கு மாறுவதற்கான இடமும் நேரமும் கிடைக்கும். மற்றவர்கள் அந்த மாற்றத்துக்குக் காரணமாகவும் சாட்சியாகவும் நிற்பார்கள்.

இதைப் புரிந்துகொண்டால் ரசிகர்களின் சண்டை வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று தெரியும். ஒருத்தர் மாறிவிட்டார் என்று எதை வைத்து நம்புவது? அவர் படும் வேதனையை வைத்தா, செய்யும் தியாகத்தை வைத்தா, இல்லை அவரால் காயம்பட்டவர்களிடம் நடந்துகொள்ளும் விதத்தை வைத்தா? நம் வீட்டிலும் தெருவிலும் கேட்க வேண்டிய கேள்விதான் இது. "அவர் இப்போ ரொம்ப மாறிட்டாரே, நீ இன்னும் பழசையே பேசுறியே" என்று அடிபட்டவர்களிடம் சொல்வது நமக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது!

கடைசி எபிசோடில் ஸ்பைக் எரிந்துகொண்டிருக்கும்போது, பஃபி அவனைக் காதலிப்பதாகச் சொல்கிறாள். அவன் அதை ஏற்றுக்கொள்வதில்லை. அது உண்மையில்லை என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு நன்றி மட்டும் சொல்கிறான். அவனுக்கு எதிராக இவ்வளவு எழுதிய பிறகும் அந்தக் காட்சி வரும்போது நான் அவன் பக்கம்தான். ஏழு சீசனில் முதல் தடவையாக அவன் அவளிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. இவன் மாறிவிட்டான் என்று நான் நம்புவது அந்த ஒரு நன்றியை வைத்துத்தான். அவன் எரிந்ததை வைத்து இல்லை.

ஆனால் எரியும்போதும் அந்தக் கோட்டைத்தான் போட்டிருந்தான்.